ஸ்டியரிங் ஆயில் ஒழுகினா

போடியிலிருந்து போடிமெட்டு ஏறணும்னா 17 கொண்டை ஊசி வளைவு. பவர் ஸ்டியரிங்ல ஒழுகல் இருந்தா அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிக்கிறப்பதான் ஆயில் அழுத்தம் உச்சத்துக்குப் போகுது.

எங்க பழைய காரில் ரெண்டு வாரமா ஆயில் குறைஞ்சுக்கிட்டே வந்தது. வளைவுல பம்பு முனகும். "ஊத்தி ஊத்தி ஓட்டுங்கண்ணே"ன்னு சொல்லாத ஆளில்லை. ஆயில் தீர்ந்தாலும் ஸ்டியரிங் திரும்பும்தான். ஆனா கல்லாட்டம் கனக்கும். ஒரு பக்கம் பள்ளம், வண்டிக்குள்ள ஏலக்காய் எடுக்கப் போற நாலு பொம்பளைங்க. எப்படி ஓட்டுறது?

மெக்கானிக் தம்பி முதல்ல எல்லாத்தையும் துணியால துடைச்சாப்ல. என்ஜினை ஓடவிட்டு, என்னை ரெண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லிட்டு, கீழே படுத்துப் பார்த்தாப்ல. பம்பிலிருந்து வர்ற பிரஷர் ஹோஸ், இரும்புக் குழாயோட சேர்ற இடத்துல சிவப்பா கசிஞ்சது.

"கிளாம்பு போட்டா நிக்குமா தம்பி?"

"நிக்காதுண்ணே, அழுத்தத்துல பிச்சுக்கும்."

ஹோஸையே மாத்தினோம். அப்புறம் முன்சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, என்ஜினை அணைச்சு, ஸ்டியரிங்கை மெதுவா இப்படியும் அப்படியும் திருப்பி, டப்பாவுல குமிழி அடங்குற வரைக்கும் காத்தை வெளியேத்தினாப்ல. இதைச் செய்யலைன்னா புது ஹோஸ் போட்டாலும் முனகல் போகாது. (பிரேக் ஆயிலை இதுல ஊத்துறவங்களும் இருக்காங்க, சீல் ஊதி வீணாப்போகும்.)

மறுநாள் மெட்டு வரைக்கும் ஏறி இறங்கிட்டு டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஆயில் மட்டம் இறங்கலை.