டவுட்டும் கொஸ்டினும்

இந்தியப் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் மிகுதியாக ஒலிக்கும் ஆங்கிலத் தொடர் எது என்று கேட்டால், 'ஐ ஹேவ் எ டவுட்' என்றே சொல்வேன். ஹைதராபாத்தில் நான் ஆய்வு செய்யும் துறையில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், இந்தி பேசுவோர் அனைவருக்கும் அது பொதுச்சொத்து. 'இந்த இடம் எனக்குத் தெளிவாகவில்லை, விளக்குங்கள்' என்பதே அதன் பொருள். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வளர்ந்த ஒருவரின் செவியில் அது வேறாக விழக்கூடும். அவருக்கு 'டவுட்' என்பது நம்பாமை. நாம் கருதும் பொருளை அவர் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்வார்.

இதைப் பிழை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. 'சந்தேகம்' என்னும் சொல் இரு பொருளையும் தாங்குகிறது. 'பாடத்தில் சந்தேகம்' என்றால் கேட்டுத் தெளிய வேண்டியது. 'அவர்மேல் சந்தேகம்' என்றால் அவநம்பிக்கை. தமிழில் 'இல்', 'மேல்' என்பவை இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. 'டவுட்' என்ற சொல்லை நாம் கையாளும்போது இரு பொருளும் அதனுடன் வருகின்றன; பிரித்துக் காட்டும் அடையாளம் வருவதில்லை.

சென்ற ஆண்டு ஓர் இணையவழி உரையில் இளைய ஆய்வாளர் ஒருவர், 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் தேர்ட் எக்ஸாம்பிள்' என்று தொடங்கினார். அந்த எடுத்துக்காட்டில் இருந்த ஒரு சொல்லின் பொருளை அறிவதே அவர் நோக்கம். உரையாளரோ தம் தரவு எவ்வளவு நம்பகமானது என்று நெடுநேரம் வாதாடினார். கேட்ட பெண் அதன்பின் வாய் திறக்கவில்லை. 'அக்கா, நான் என்ன தப்பாக் கேட்டேன்?' என்று மாலையில் என்னிடம் கேட்டார். அவர் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆகவேதான் யாரும் திருத்தவில்லை.

மின்னஞ்சல்களிலும் இதுவே நிகழ்கிறது. 'அனுப்பு' என்பதை 'அனுப்புங்கள்' என்று ஆக்கியவுடன் தமிழில் மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் 'யூ' ஒருமைக்கும் பன்மைக்கும், சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒன்றே. அங்கே பணிவு, வினையின் காலத்துக்குள் ஒளிந்திருக்கிறது. 'கேன் யூ சென்ட்' என்பதைவிட 'குட் யூ சென்ட்' பணிவானது. 'ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட் சென்ட்' இன்னும் பணிவானது. விருப்பம் இப்போதையது, வினை மட்டும் இறந்தகால வடிவில் நிற்கிறது. அந்த விலகல், மறுப்பதற்கு எதிரில் இருப்பவருக்கு இடம் தருகிறது. நம் மாணவர் 'ப்ளீஸ் சென்ட் மீ தி பேப்பர்' என்று எழுதும்போது, மனத்தில் இருப்பது 'அனுப்புங்கள்'. பேராசிரியர் காண்பதோ முன்னால் 'ப்ளீஸ்' ஒட்டிய ஓர் ஏவல்.

பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் முன்வைத்து, 1987இல் தனி நூலாக வெளியிட்ட பணிவுக் கோட்பாட்டை மொழியியல் மாணவர் பலரும் படித்திருப்பர். அதற்கு அடித்தளமான மூன்று மொழிகளில் ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் ட்செல்டாலோடும் தமிழும் ஒன்று. அத்தரவு கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் திரட்டப்பட்டது. பணிவைப் பற்றிய உலகளாவிய கோட்பாட்டுக்கே சான்று தந்த மொழியைப் பேசுவோர், ஆங்கிலத்தில் எழுதியவுடன் 'பணிவற்றவர்' ஆகிவிடுவதை என்னவென்று சொல்வது!

எதிர்த்திசையிலும் இடறல் உண்டு. ஆய்விதழின் மதிப்பீட்டாளர் 'யூ மே விஷ் டு கன்சிடர்' என்று எழுதினால், 'விரும்பினால் செய்யலாம்' என்று கொண்டு விட்டுவிடுகிறோம். 'செய்க, இன்றேல் காரணம் கூறுக' என்பதே பெரும்பாலும் அதன் கருத்து. 'குயிட் குட்' என்ற பாராட்டும் அத்தகையதே. அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் 'மிக நன்று'. பிரித்தானியர் சொன்னால் பல வேளைகளில் 'பரவாயில்லை' என்ற அளவுதான்.

இலக்கணப் பிழையை ஆசிரியர் பிழையாகவே காண்கிறார். இவ்வகை வேறுபாட்டையோ குணமாகக் காண்கிறார்: 'திமிர் பிடித்தவன்', 'பேசத் தெரியாதவள்'. பரிந்துரைக் கடிதம் கேட்டுச் சென்றவருக்குப் பதிலே வராமல் போவதற்கும் இது காரணமாகலாம். ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைகள் இதைச் செவிவழியே பெற்றுவிடுகிறார்கள். தமிழ்வழியில் பயின்று குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவருக்கு இதைச் சொல்லித்தர ஒருவருமில்லை.

முனைவர் பட்ட மாணவருக்கு ஆய்வு முறையியல் வகுப்பு உண்டு. அதில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க இயலும். மின்னஞ்சல் நான்கும் மதிப்பீட்டுக் குறிப்பு இரண்டும் போதும். மேடையில் அமர்ந்திருப்போரிடமும் ஒரு வேண்டுகோள். 'டவுட்' என்ற சொல் எழுந்ததும் தற்காப்பில் இறங்காமல், 'எந்த இடம் தெளிவாகவில்லை?' என்று ஒருமுறை கேளுங்கள்.