நேரத்துக்குச் சாப்பிடாதவள்

அம்மாவின் வயிற்றுவலிக்கு எங்கள் வீட்டில் ஒரே காரணம்தான்: "நேரத்துக்குச் சாப்பிடறதில்ல." கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள். அடுப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவாள், மோர் குடிப்பாள், நிமிர்ந்து அடுத்த வேலையைப் பார்ப்பாள். பெண்ணியம் படித்த நானும் அதையேதான் சொன்னேன்: "எல்லாரும் சாப்பிட்டப்புறம் சாப்பிட்டா இப்படித்தாம்மா." அப்போதும் குற்றவாளி அவள்தான்.

அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் வந்தபோது அந்த வாரமே எண்டோஸ்கோபி எடுத்தோம். அம்மாவை அழைத்துப்போகப் பதினோரு வருடம் ஆனது. அதுவும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று அவள் கூச்சத்தோடு என்னிடம் சொன்ன பிறகு. உள்ளே ரத்தம் கசிவதற்கான அடையாளம் அது.

சிதம்பரத்தில் ஒரு மருத்துவரிடம் போனோம். சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருந்தது. இரைப்பையிலிருந்து துளிச் சதையைக் கிள்ளி மஞ்சள் பரிசோதனை வில்லையில் வைத்தார்கள். இளஞ்சிவப்பாக மாறியது. ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு இரைப்பையிலேயே குடியிருக்கும் கிருமி. பெரும்பாலும் சிறுவயதில் குடும்பத்துக்குள்ளேயே தொற்றுகிறது. பலரை ஒன்றும் செய்யாது. சிலருக்குப் புண், வெகுசிலருக்குப் புற்றுநோய்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இதைச் சொன்னபோது, அல்சருக்குக் கவலையும் அமிலமும்தான் காரணம் என்றிருந்த மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்ததைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அம்மாவுக்கு வலி தொடங்கியது அதற்கடுத்த வருடம். உலகத்துக்குத் தெரிந்த விடை எங்கள் அடுப்படிக்கு மட்டும் வரவில்லை. வரவழைக்க நாங்களும் நினைக்கவில்லை.

இரண்டு ஆன்டிபயாடிக், அமிலம் குறைக்கும் மாத்திரை, பதினான்கு நாள். நடுவில் நிறுத்தக்கூடாது என்றும், முடிந்து ஒரு மாதம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார்.

திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது அம்மா கேட்டாள்: "அப்ப நான் சாப்பிடாததுனால இல்லியா?"

"இல்லம்மா."

அவள் கடைசியில் சாப்பிடுவது அநியாயம்தான். ஆனால் அது வேறு வழக்கு. அந்த வழக்கிலும் அவள் குற்றவாளியில்லை.

கொஞ்சநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "இத்தன வருஷம் எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கினேனேடி. உன்கிட்டகூட."