சித்தப்பா நெஞ்சின் வலது பக்கம்

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. ஆணி அதிகம்னு பொய் சொல்ல விரும்பலை. இந்த ஒரு விஷயத்தை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சே நாலு மாசமும் ஓடிடுச்சு. கடைசியில சித்தப்பாகிட்டயே கேட்டேன். "பேரு போடாம எழுதிக்கலே"ன்னுட்டார். அதனால பேர் கிடையாது. சித்தப்பா, அவ்வளவுதான்.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்கா.

எங்க ஊர் கீழப்பாவூர். தென்காசியிலேர்ந்து திருநெல்வேலி போற ரோட்டுல பாவூர்சத்திரம் வரும், அங்கேருந்து உள்ளே போகணும். பெரிய குளம், பதினாறு கை நரசிம்மர், குற்றால சீசன் நேரத்துல இங்க வரைக்கும் எட்டிப் பார்க்கிற சாரல். இதுதான் ஊர். சித்தப்பாவுக்கு அங்கதான் தோட்டம். கத்தரியும் வெண்டையும் போட்டு பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்புறார். அதுக்கு முன்னாடி 1984லேர்ந்து 2001 வரைக்கும் பட்டாளம்.

நான் சின்னப் பையனா இருக்கும்போது ஆச்சி அடிக்கடி சொல்ற கதை ஒண்ணு உண்டு. "ஒங்க சித்தப்பன் பட்டாளத்துல குடிச்சுக் குடிச்சு, காலும் வயிறும் வீங்கி வந்து நின்னாம்லா. நான் சுவாதிக்குச் சுவாதி நரசிம்மருக்கு வெளக்கு போட்டேன். வீக்கமும் வத்திச்சு, குடியையும் விட்டுட்டான்." இதைச் சொல்லும்போது ஆச்சி முகத்துல ஒரு பெருமை இருக்கும் பாருங்க, மகன் குடிச்ச வெக்கத்தைவிட சாமி தன் பேச்சைக் கேட்ட பெருமை பெருசு.

இது நடந்தது 1989ல. சித்தப்பாவுக்கு அப்போ 24 வயசு. சுரண்டை பக்கம் ஒரு பொண்ணு பேசி முடிச்சிருந்தாங்களாம். மாப்பிள்ளை வீங்கிப் போய் வந்திருக்கார்னு கேள்விப்பட்டதும் அந்த வீட்டுல பின்வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஏழு வருஷம் கழிச்சுத்தான் சித்தி வந்தாங்க. கல்யாண வீடு, காதுகுத்து, எங்க போனாலும் சித்தப்பா ஒரு சொட்டு தொட மாட்டார். "பட்ட பாடு அப்படி"ன்னு சொந்தக்காரங்க சிரிப்பாங்க. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கொசுவத்தி முடிஞ்சுது.

நாலு மாசம் முன்னாடி ஊருக்குப் போயிருந்தேன். பென்ஷன் விஷயமா ஏதோ பழைய பேப்பர் வேணும்னு அப்பா தாத்தாவோட ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். பத்திரம், ரசீது, ஜாதகம் எல்லாத்துக்கும் அடியில நாலா மடிச்ச ஒரு காகிதம். பட்டாள ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, 1989. இங்கிலீஷ்ல டைப் அடிச்சிருந்தது. அதோட சாராம்சம் இதுதான்: மிக உயரமான மலைப்பகுதியில் பணி, வலது பக்க இதயச் செயலிழப்பு, கீழே இறக்கியபின் முழு குணம், இனி உயரமான இடத்துக்கு அனுப்ப வேண்டாம். குடியைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை. கல்லீரலைப் பத்தியும் இல்லை.

எனக்குப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுது. காரணம், நான் பெங்களூர்ல பொட்டி தட்டுறதே எக்கோ படங்களைக் காட்டுற ஒரு மென்பொருளுக்குத்தான். தினமும் யார் யாரோட இதயமோ என் ஸ்க்ரீன்ல துடிச்சுக்கிட்டு இருக்கும். நான் டாக்டர் இல்லை, பி.இ. தான். ஆனா 24 வயசுப் பையனுக்கு இதயச் செயலிழப்பு வந்து, மாத்திரைகூட இல்லாம முழுசா சரியாகி, அறுபது வயசுல வெண்டைக்காய் மூட்டை தூக்குறார்னா அது எனக்கு உதைச்சுது. தேட ஆரம்பிச்சேன்.

கிடைச்சது 1990ல லான்செட் இதழ்ல வந்த ஒரு கட்டுரை. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் இந்தர் ஆனந்தும் அவர் கூட இருந்தவங்களும் எழுதினது. 5800 மீட்டர்லேர்ந்து 6700 மீட்டர் வரைக்கும் உள்ள இடங்கள்ல பல வாரங்கள் இருந்த இந்திய ராணுவ வீரர்கள் 21 பேர். எல்லாரும் இளவட்டம். மூச்சுத் திணறல், இருமல், கால் வீக்கம், வயித்துல நீர். அவங்களைக் கீழே கொண்டுவந்து எக்கோ எடுத்துப் பார்த்தா இதயத்தோட வலது பக்கம் பெருத்துப் போயிருக்கு. கீழே இறங்கி சில வாரங்கள்ல எல்லாம் சரியாப் போச்சு. பெரியவங்களுக்கு வர்ற இந்த நிலைமையை ஒரு தனி நோயா அடையாளம் காட்டினது அந்தக் கட்டுரைதான்.

6000 மீட்டர்னா என்னன்னு நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். பொதிகை மலையில அகத்தியர் சிகரம் 1868 மீட்டர். ஒண்ணு மேல ஒண்ணா மூணு பொதிகையை அடுக்கினாலும் 5604 தான். அதுக்கும் மேல ஒரு பனிக்கூடாரத்துல மாசக்கணக்கா குடியிருக்கிறதை யோசிச்சுப் பாருங்க. 1984 ஏப்ரல் 13ல நம்ம ராணுவம் சியாச்சின்ல ஏறினதிலிருந்து அப்படித்தான் ஆளுங்க இருக்காங்க.

அங்க காத்துல ஆக்சிஜன் பங்கு இங்க இருக்கிற அதே 21 சதவீதம்தான். ஆனா காத்தழுத்தமே பாதிக்கும் கீழே. நுரையீரலுக்கு ஒரு குணம் உண்டு. ஆக்சிஜன் குறைஞ்ச பகுதியில ரத்தக்குழாயைச் சுருக்கிடும். ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பி விடறதுக்கான ஏற்பாடு அது. 1946லயே ஸ்வீடன்ல பூனைகளை வச்சு இதைக் காட்டிட்டாங்க. கீழே இருக்கும்போது புத்திசாலித்தனமான ஏற்பாடு. மேலே போனா நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் குறைவு, அதனால மொத்தக் குழாயும் சுருங்குது. அந்த நெருக்கலை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டியது இதயத்தோட வலது கீழறை. இடது கீழறை மாதிரி அதுக்குத் தடிச்ச சுவர் கிடையாது, லேசான வேலைக்குப் படைச்சது. அடிபம்போட வாயைக் கையால பொத்திக்கிட்டு அடிச்சுப் பாருங்க, தோள் என்ன பாடுபடும்? அதே கதைதான். வாரக்கணக்கா அடிச்சு அடிச்சு வலது பக்கம் விரிஞ்சு போயிடும். பின்னாடி ரத்தம் தேங்கும், காலும் வயிறும் வீங்கும்.

இதை எக்கோவில எப்படிப் பார்ப்பாங்கன்னு சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது, தொழில் பாசம் :-) குறுக்குவெட்டுல பார்த்தா இடது கீழறை வட்டமா இருக்கும், வலது அதை ஒட்டிப் பிறை மாதிரி இருக்கும். வலது பக்க அழுத்தம் ஏறினா நடுச்சுவர் தட்டையாகி, வட்டம் அரை வட்டமா மாறிடும். அப்புறம், வலது பக்க வால்வுல பின்னாடி கசியிற ரத்தத்தோட வேகத்தை டாப்ளர்ல அளப்பாங்க. அந்த வேகத்தை வர்க்கப்படுத்தி நாலால பெருக்கினா அழுத்த வித்தியாசம். விநாடிக்கு 3 மீட்டர்னா 36 மி.மீ. பாதரசம். காலேஜ்ல தூங்கிக்கிட்டே படிச்ச பெர்னூலி சமன்பாடு ஒரு மனுஷன் நெஞ்சுக்குள்ள வேலை செய்யுதுன்னு முதல் தடவை பார்த்தப்போ எனக்குக் கொஞ்சம் கண் கலங்கிடுச்சு, சிரிக்காதீங்க.

நம்ம ராணுவ டாக்டர்கள் இதுல முன்னோடிங்க. 1962 சண்டையில ஆளுங்களைச் சமவெளியிலேர்ந்து நேரா மலைக்குக் கொண்டுபோனாங்க. அப்போ வந்த தலைவலி, வாந்தி, நுரையீரல் நீர் எல்லாத்தையும் பார்த்து, 1925 வீரர்களை வச்சு இந்தர் சிங்கும் குழுவினரும் 1969ல எழுதினது இன்னைக்கும் மேற்கோள் காட்டப்படுது. வெளிநாட்டுக்காரங்க வேற வழியில போனாங்க. 1985ல அமெரிக்காவுல எட்டுப் பேரை ஒரு அறைக்குள்ள வச்சு, 40 நாள்ல காத்தழுத்தத்தைக் குறைச்சு எவரெஸ்ட் உச்சி வரைக்கும் "ஏத்தினாங்க". இடது கீழறை அசராம சுருங்கி விரிஞ்சுதாம். சிக்கல் வலது பக்கமும் நுரையீரல் குழாயும்தான். ஆக்ஸ்ஃபோர்ட் குழு எவரெஸ்ட் அடிவார முகாம் வரைக்கும் நடந்து வந்தவங்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2011ல எழுதினாங்க. இடது கீழறையோட எடையே 11 சதவீதம் குறைஞ்சிருந்துது. ஆறு மாசத்துல பழையபடி ஆயிடுச்சு. இதயம்கிறது இப்படி இளைக்கும், பெருக்கும், இறக்கி விட்டா பெரும்பாலும் மன்னிச்சுடும்.

சரி, கதைக்கு வாரேன்.

சீட்டை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். கிணத்தடியில உட்கார்ந்திருந்தார். கையில கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார்.

"இது தாத்தா பெட்டியிலயா இருந்துச்சு?"

"ஆமா சித்தப்பா. ஒங்களுக்குத் தெரியுமா இது?"

"நெஞ்சுல கோளாறு, மலையை விட்டு இறங்கினா சரியாயிரும்னு டாக்டர் இந்தியில சொன்னாரு. பாதி வெளங்குச்சு. வீட்டுக்கு வந்து இந்தத் தாளை ஒங்க தாத்தாட்ட குடுத்தேன். அவரு போஸ்ட் மாஸ்டர்ட்ட காட்டி வாசிக்கச் சொல்லியிருக்காரு. ராத்திரி என்னைக் கூப்பிட்டு, 'நெஞ்சு நோவுன்னு வெளிய தெரிஞ்சா எவன்லே பொண்ணு குடுப்பான்? குடிகாரன்னா திருந்திருவான்னு நெனச்சாவது குடுப்பான். வாயத் தெறக்காதே'ன்னாரு."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன்.

"நீங்க ஆச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வீக்கம் வத்திப் போச்சு. அம்மை வெளக்கு போட்டதாலதான் வத்திச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. அதைப் போயி எப்படிலே பிடுங்குறது?"

ஆச்சி 2009ல போய்ச் சேர்ந்தாங்க. கடைசி வரைக்கும் சுவாதி விளக்கு நிக்கலை.

அப்புறம் அவரே மேலே இருந்த நாளைப் பத்திப் பேசினார். பத்தடி நடந்தா பத்து நிமிஷம் நிக்கணும், பூட்ஸ் மாட்டுறதே ஒரு நாள் வேலை, ராத்திரி தூங்கினா மூச்சு நின்னு நின்னு வரும். கூட இருந்த மூணு பேர்ல ஒருத்தர் கீழே இறங்கவே இல்லை. அது பனிச்சரிவு. 2016 பிப்ரவரியில சோனம் முகாம்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆளுங்க பத்துப் பேர் பனியில புதைஞ்சப்போ, அதுல நாலு பேர் தமிழ்நாட்டுக்காரங்க, சித்தப்பா ரெண்டு நாள் டிவி முன்னாடியே கிடந்தார்னு அப்பா சொல்லியிருக்கார். அப்போ எனக்கு ஏன்னு புரியலை.

அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கிட்டு திருநெல்வேலியில ஒரு எக்கோ எடுத்தோம். ஜெல்லைத் தடவினதும் "குளிருதுலே"ன்னார். ஸ்க்ரீன்ல நான் தினமும் பார்க்கிற அதே படம். இடது வட்டம், வலது பிறை. நல்ல பிறை. டாக்டர் சீட்டையும் பார்த்துட்டுச் சொன்னார்: "இன்னைக்கு நல்லா இருக்கு. 1989ல என்ன இருந்ததுன்னு இந்தப் படம் சொல்லாது, அதுக்கு இந்தத் தாள்தான் சாட்சி. ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணா இல்லை." அந்த 21 பேர்ல சித்தப்பாவும் ஒருத்தரான்னு எனக்குத் தெரியாது. கட்டுரையில பேர் கிடையாது, எண்ணிக்கைதான்.

வீட்டுக்கு வந்து சித்திகிட்ட எல்லாத்தையும் சொன்னோம். சித்தி பீடி சுத்துற தட்டை மடியிலேர்ந்து இறக்கி வச்சாங்க. அழுவாங்கன்னு நெனச்சேன்.

"அப்போ கல்யாணமான மறுநாளே அத்தை என்னைக் கூப்பிட்டு, 'கண்ணுல வச்சுப் பாத்துக்கோ, மறுபடி தொட்டுருவான்'னு சொன்னாவளே... இத்தனை வருசமா இந்த மனுசன் சட்டையைத் தொவைக்கப் போடுமுன்னால மோந்து பாத்துக்கிட்டு இருந்தேனே நான்!"

சித்தப்பா ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்குத் தெரியும்"னார்.

சித்தி எழுந்து அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. ராத்திரி வரைக்கும் அவர்கூடப் பேசலை. மறுநாள் காலையில நான் பஸ் ஏறக் கிளம்பும்போது, அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவரச் சொல்லி என்கிட்ட கொடுத்தாங்க. ஆச்சி படத்துக்குப் பக்கத்துல மாட்டப் போறாங்களாம். ஆச்சி வருத்தப்பட மாட்டாங்களான்னு சித்தப்பா கேட்டதுக்கு, "அவியளுக்கு இங்கிலீஷ் தெரியாதுலா"ன்னாங்க.

பி.கு: லே பைக் ட்ரிப்னு கிளம்புற நண்பர்களே, லே ஊரே சுமார் 3500 மீட்டர். பட்டாளத்துல ஆளுங்களை ஆறு நாள், நாலு நாள், நாலு நாள்னு மூணு கட்டமா நிறுத்தி நிறுத்தித்தான் மேலே ஏத்துறாங்க. நீங்க விமானத்துல போய் இறங்கின அன்னைக்கே கர்துங்லா போய் போட்டோ எடுக்காதீங்க. மூச்சு வாங்கினா, இருமல் விடாம வந்தா, வீராப்பு காட்டாம இறங்கிடுங்க. அதுதான் முதல் மருந்து.