ஒன்றுக்கு அப்புறம் பத்து!



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று நம் சங்கச் செயலாளர் நாலு நாளாக என்னைத் துரத்தினார். கவிதை எனக்கு வராது. அறிவுரை சொல்லும் வயதும் இல்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை, அதே தப்பை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

எங்கள் வீடு பருத்திப்பட்டில். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் ஏரியைப் பார்த்ததும் இறங்கினால் எங்கள் தெரு. அதே தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். பிறவியிலேயே பார்வை இல்லை. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ. விடுதியில் தங்கிப் படிக்கிறான், லீவு விட்டால் வீட்டுக்கு வருவான். நம்முடைய ஒரே புத்தகம் பிரெயிலில் அச்சானால் பல தொகுதியாகப் பெருத்துவிடும். அதையெல்லாம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வர முடியுமா? ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணா, வரலாறு பாடம் படிச்சு போன்ல ஏத்திக் குடுங்கண்ணா. நான் கேட்டே படிச்சுக்குவேன்" என்றான்.

சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். பிரெஞ்சுப் புரட்சி. நான், அக்கா, வகுப்பு நண்பர்கள் மூன்று பேர், ஆக ஐந்து பேர் பங்கு போட்டுப் படித்தோம். ஐந்து ஐந்து நிமிடமாகப் பதினாலு துண்டு சேர்ந்தது.

"துண்டு துண்டா வேணாண்ணா. ஒண்ணு முடிஞ்சா அடுத்ததைத் தேடணும். டாக்பேக் ஒவ்வொரு பேரா படிக்கும், அதுக்குள்ள கேட்டது மறந்துடும். ஒரே பைலா குடுங்க" என்றான். நியாயம்தானே!

வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. புது சாப்ட்வேர் போட்டால் மூச்சு வாங்கும். கல்லூரி லேபில் எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாது. அப்போதுதான் நண்பன் ஒருவன், "எதுவும் போட வேணாம்டா, பிரவுசர்லயே ஆடியோ சேர்க்கிற தளம் இருக்கு. பைலை இழுத்துப் போடு, பட்டனை அமுக்கு, அவ்ளோதான்" என்றான்.

"அவ்ளோதான்" என்றது எவ்வளவு பெரிய பொய் என்று போகப்போகத் தெரிந்தது.

முதல் சிக்கல், கம்ப்யூட்டர் திணறியது. எம்பி3 பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் பிரவுசர் அதை விரித்துத்தான் வேலை செய்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், ஸ்டீரியோ என்றால் இரண்டு மடங்கு. நிமிடத்துக்கு 21 எம்பி. எழுபது நிமிடப் பாடம் மெமரியில் ஒன்றரை ஜிபியை விழுங்கப் பார்த்தது! பேச்சுக்கு ஸ்டீரியோ எதற்கு? மோனோவாக மாற்றியதும் பாதியாகக் குறைந்தது. கடைசியில் 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக்கினால் முழுப் பாடமும் 34 எம்பிக்குள் அடங்கியது.

இரண்டாவது, நண்பர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது ஓபஸ் வகை. அது விரியும்போது நொடிக்கு 48,000 சாம்பிள். என் போனில் பதிந்தது 44,100. முதலில் பிடித்த தளம் இரண்டையும் சமப்படுத்தாமல் அப்படியே ஒட்டிவிட்டது. நண்பன் குரல் நூற்றுக்கு எட்டு பங்கு மெதுவாகி, தூக்கத்தில் பேசுகிற பெரியவர் குரலாக மாறிப்போனது. ஒரு வீடே சிரித்தது. வேறு தளம் பிடித்தேன். அது எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

எல்லாம் நாற்பது நொடியில் முடிந்தது. முதல் நிமிடத்தைப் போட்டுப் பார்த்தேன், என் குரல் கணீரென்று இருந்தது. பெருமையோடு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அவனுக்குப் பள்ளியில் திருப்புதல் தேர்வு. அவன் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். லீவில் வந்தவன் முகம் வாடியிருந்தது. "பத்து மார்க் கேள்வில மூணுதாண்ணா வந்துச்சு. ராஜா தலையை வெட்டினதுக்கு அப்புறம் பாஸ்டில் சிறையை உடைச்சாங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குத் திக்கென்றது. பாஸ்டில் 1789. மன்னன் பதினாறாம் லூயி கொல்லப்பட்டது 1793. ஓடிப்போய் அந்த பைலை முழுசாகக் கேட்டேன்.

துண்டுகளுக்கு 1, 2, 3 என்று 14 வரை பெயர் வைத்திருந்தேன். அந்தத் தளம் பெயரை எண்ணாகப் பார்க்கவில்லை, எழுத்தாகப் பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறது. 1, அப்புறம் 10, 11, 12, 13, 14. அதற்கப்புறம்தான் 2! முன்னுரை முடிந்த கையோடு மன்னன் தலை போகிறது, நெப்போலியன் வருகிறான், பிறகு சாவகாசமாக மக்கள் சிறையை உடைக்கிறார்கள். பாடத்தில் பாதி இடத்தில் வருடமே வராது, "இதன் பின்னர்" என்றுதான் வரும். எதன் பின்னர்? நான் ஒட்டியதன் பின்னர்!

"உனக்குச் சந்தேகமே வரலியாடா?" என்று கேட்டேன்.

"வந்துச்சுண்ணா. சினிமா பிளாஷ்பேக் மாதிரி முதல்ல முடிவைச் சொல்லிட்டு, அப்புறம் ஏன்னு சொல்றாங்க போலன்னு நெனச்சேன். நீங்க அஞ்சு பேர் கஷ்டப்பட்டு செஞ்சது, தப்பா இருக்கும்னு நெனைக்கல."

அந்த வார்த்தைதான் எனக்குச் சுட்டது. நமக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். அன்று அவன் கையில் இருந்த புத்தகம் நான் ஒட்டிக் கொடுத்ததுதான். அதை நானே ஒரு தரம் முழுசாகக் கேட்கவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் பழைய கதை ஒன்று சொன்னார். அவர் காலத்தில் கேசட் கடையில் பாட்டு லிஸ்ட் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாள் கழித்து டி.டி.கே. கேசட்டில் பதிந்து தருவார்களாம். "அவன் ஒவ்வொரு பாட்டா ஓடவிட்டுப் பதியணும். ஒரு மணி நேர கேசட்டுன்னா ஒரு மணி நேரம் பக்கத்துலயே நிப்பான். வேற வழியில்லாம முழுசும் கேட்டுடுவான். உனக்கு நாப்பது செகண்டுல முடிஞ்சுது, அதான் கேக்கல" என்றார். வேகம் நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தை, கேட்பதற்குச் செலவழிக்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

இந்தத் துண்டுப் பிரச்சினை நேற்று வந்ததல்ல. 1935-ல் இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் இசைத்தட்டில் வந்தபோது ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம்தான். ஒரு நாவலுக்குப் பத்து தட்டு வரை வேண்டும். அதற்கப்புறம் கேசட், சி.டி. என்று மாறி, டெய்சி என்ற முறை வந்தது. அதற்கென 1996-ல் பல நாட்டு நூலகங்கள் கூட்டமைப்பே தொடங்கின. அதில் புத்தகம் போலவே அத்தியாயத்துக்கும் பக்கத்துக்கும் தாவலாம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்து அவனிடம் சொன்னால், அவன் ரொம்பச் சாதாரணமாக, "அதுக்கு எதுக்குண்ணா பெரிய முறை? ஒவ்வொரு துண்டும் ஆரம்பிக்கும்போது 'பக்கம் இத்தனை'ன்னு வாயால சொல்லிடுங்க. நடுவுல ரெண்டு செகண்ட் சும்மா விடுங்க. மாறிப்போனா நானே கண்டுபிடிச்சுடுவேன்" என்றான். டிப்ளமோ படிக்கிற எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்!

அப்படியே செய்தோம். பெயரை 01, 02 என்று வைத்தேன். இப்போது 10, 09-க்கு அப்புறம்தான் வருகிறது. அக்கா குரல் மெதுவாக இருந்ததால், சேர்ப்பதற்கு முன்பே சத்தத்தைச் சமப்படுத்தினேன். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். தளம் திறந்த பிறகு நெட்டை அணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். வேலை நடந்தால் பைல் நம் கம்ப்யூட்டரை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். நடக்காவிட்டால், வீட்டார் குரலை ஏற்றுவதற்கு முன் ஒரு தரம் யோசியுங்கள்.

கடைசியாக, புது பைலை அனுப்பும் முன் இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். 2019-ல் பூங்காவாக்கிய பிறகு நடப்பதற்கு வசதியாக இருக்கிறது. ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு, அவன் என் தோளைப் பிடித்துக்கொள்ள, எழுபது நிமிடமும் கேட்டுக்கொண்டே நடந்தோம். பாஸ்டில் முதலில் விழுந்தது. மன்னன் தலை அப்புறம்தான் போனது. "இப்ப சரிண்ணா" என்றான்.

நண்பர்களே, இன்னும் எட்டுப் பாடம் பாக்கி இருக்கிறது. தெளிவாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் சனிக்கிழமை மாலை என்னை வந்து பாருங்கள். ஒட்டும் வேலை என்னுடையது. முழுசாகக் கேட்கும் வேலையும் என்னுடையதுதான்!

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு