கோணிச்சாக்கும் வெள்ளிச் சுரங்கமும்

அரண்மனை, கோட்டைன்னு காசு கொடுத்துப் பாத்திருக்கோம். டிக்கெட் வாங்கிட்டு ஒரு மரக்குடிசையை எட்டிப் பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துல லெட்வில்னு ஒரு சுரங்க ஊர். பத்தாயிரம் அடிக்கு மேல உயரம், நாலு எட்டு வச்சாலே மூச்சு வாங்கும். அங்கே மேட்ச்லெஸ் வெள்ளிச் சுரங்கத்தை ஒட்டி இருக்கு அந்தக் குடிசை.

கதை தெரியாதவங்களுக்காக: ஹொரேஸ் டேபர் லெட்வில்லில் கடை வச்சிருந்தவர். 1878ல், கிடைப்பதில் பங்குங்கிற பேச்சோட, ரெண்டு பேருக்குச் சாமான் கொடுத்து அனுப்பினார். அவங்க தோண்டின இடத்துல வெள்ளி! அடுத்த வருஷமே மேட்ச்லெஸ்ஸை வாங்கினார். முதல் மனைவியை விட்டுட்டு 1883ல் வாஷிங்டனில் பேபி டோவோட கல்யாணம். அதிபர் செஸ்டர் ஆர்தரே வந்திருந்தார்னா பாத்துக்கோங்க.

பத்தே வருஷம். 1893ல் வெள்ளி விலை சரிஞ்சது, அரசாங்கமும் வாங்குவதை நிறுத்தியது. சொத்தெல்லாம் போச்சு. 1899ல் டேபர் இறந்தார். "மேட்ச்லெஸ்ஸை விட்டுடாதே"ன்னு கடைசியா சொன்னாராம். அந்தச் சொல்லுக்காகவே அந்தம்மா முப்பது வருஷத்துக்கு மேல கோணிச்சாக்கைக் காலில் சுத்திக்கிட்டு இங்கே காத்திருந்தாங்களாம். 1935 மார்ச்சில் இந்தக் குடிசையில்தான் உறைஞ்சு கிடந்த உடலைக் கண்டெடுத்தாங்க.

கேட்டா நமக்குக் கண்ணு கலங்கும். புருஷன் சொல் தட்டாத பத்தினி கதைன்னா சும்மாவா? ஆனா அந்தக் கடைசி வார்த்தைக்கு ஆதாரம் இல்லைன்னு வரலாற்று ஆய்வாளர்கள் சொல்றாங்க. எனக்கு உறுத்துறதும் அதுதான்.

டேபரைப் பாக்கறதுக்கு முன்னாடியே, முதல் புருஷனோட சென்ட்ரல் சிட்டியில் இருந்தப்போ, ஆம்பளை உடுப்புப் போட்டுக்கிட்டுச் சுரங்க வேலை பாத்தவங்க பேபி டோ. சுரங்கம் அவங்களுக்குத் தெரிஞ்ச தொழில். பின்னாடி மேட்ச்லெஸ் கடன்ல கைமாறினப்பவும் குடிசையை விட்டுப் போகலை. 1932ல் டேபர் கதையை வச்சு ஒரு சினிமாவே வந்தது, கூப்பிட்டும் போய்ப் பாக்கலை. கண்ட கனவுகளையெல்லாம் துண்டுக் காகிதங்கள்ல எழுதி எழுதி வச்சிருந்தாங்க.

பிடிவாதம்னு சொல்லுங்க, பித்துன்னுகூடச் சொல்லுங்க. ஆனா அது அந்தம்மாவோட சொந்தப் பிடிவாதம். அதையும் பிடுங்கிச் செத்துப்போன புருஷன் கணக்குல எழுதணுமா? எல்லாத்தையும் இழந்தவங்ககிட்ட மிஞ்சியிருந்தது அது ஒண்ணுதானே!