பீங்கான் தூணின் பின்னால்

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் பிறர் பிழைகளைத் திருத்திய எனக்கு, வீட்டுக் குளியலறைப் பேசினின் ஒழுக்கைத் திருத்தத் தெரியவில்லை. அப்பா இருந்தவரை அது அவர் வேலை. அவர் மறைந்தபின் ஒரு மாதம் வாளி வைத்துச் சமாளித்தோம்.

நேற்றுத் தரையிற் படுத்து, பீங்கான் தூணின் பின்னால் கையை விட்டேன். குழாய் மூட்டில் சைக்கிள் ரியூப் துண்டொன்று சுற்றியிருந்தது. முடிச்சு அப்பாவினுடையது. அதை அவிழ்த்து வளைகுழாயைக் கழற்றியபோது, உள்ளே ரப்பர் வொஷர் இற்றுக் கிடந்தது.

அந்த வளைவில் தேங்கும் சிறிதளவு நீரே சாக்கடை நாற்றத்தை வீட்டினுள் விடாமல் மறிக்கிறது. 1775இல் மலசலகூடத்துக்கென அலெக்சாண்டர் கமிங் காப்புரிமை பெற்ற அதே உபாயம்.

புதிய வொஷரை இட்டுக் கையாலேயே இறுக்கினேன். ஒழுக்கு நின்றது. ரியூப் துண்டை எறிய மட்டும் மனம் வரவில்லை. மேசை லாச்சியில் இருக்கிறது.