குறுஞ்செய்தியும் இலக்கணமும்

உள்ளத்தில் தோன்றும் கருத்தைப் பிறர்க்கு உணர்த்துதற்கு மக்கள் கொண்ட கருவி மொழியாகும். அருகிலிருப்பார்க்கு வாய்ச்சொல்லும், சேய்மைக்கண் இருப்பார்க்கு எழுத்தும் பயன்படுவன. முன்னோர் ஓலை விடுத்தனர். அவர்க்குப் பின்னோர் அஞ்சலும் தந்தியும் விடுத்தனர். இக்காலத்தார் கைபேசியிற் குறுஞ்செய்தி விடுக்கின்றனர். ஓலையும் தந்தியும் என்றோ ஒருநாள் வரும். குறுஞ்செய்தியோ ஒரு நாளிற் பன்முறை வருவது. ஆதலின் அதன்கண் அமையும் நடையைப் பற்றிப் பெற்றோர்க்கும் மக்கட்கும் பூசல் நிகழாத இல்லம் இன்று அரிதாயிற்று. தமிழிலக்கணம் பயில்வோர் என்னும் முறையில், இவ்விருதிறத்தார் வழக்கினையும் ஒருவாறு ஆராய்ந்து காண ஈண்டு யாம் முயல்கின்றோம்.

பெற்றோர் கூறும் குறைகள் பெரும்பாலும் மூன்றாகும். பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தால் எழுதுகின்றனர் என்பது ஒன்று. உயிரெழுத்துக்களை நீக்கி, மெய்யெழுத்துக்களை மட்டும் நிறுத்திச் சொற்களை உயிரற்ற உடலாக்குகின்றனர் என்பது மற்றொன்று. நான்கு வரி எழுதிக் கேட்டாலும் 'கே' என்னும் ஓரெழுத்தால் விடையிறுக்கின்றனர் என்பது மூன்றாவது. பிள்ளைகள் கூறும் விடையோ ஒன்றே: "பொருள் விளங்கிற்றன்றோ? விளங்கிய பின்னர் இலக்கணம் எற்றுக்கு?" என்பர். இரு கூற்றினும் உண்மையுண்டு.

முதற்கண், சுருக்கி எழுதுதல் இன்றைய இளைஞர் கண்டுபிடித்த குற்றமன்று என்பதை உணர்தல் வேண்டும். 1992-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாள், இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் பொறியாளர் வோடஃபோன் நிறுவனத்து ரிச்சர்டு ஜார்விஸ் என்பாருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தொன்றைக் கணினி வழியே விடுத்தார். அதுவே முதற் குறுஞ்செய்தி. அதன் சொற்கள் யாவும் குறைவின்றி முழுமையாகவே இருந்தன. பின்னர்ப் பொதுமக்கள் கைக்கு அது வந்தபொழுது, ஒரு செய்திக்கு 160 எழுத்தே எல்லை என்பதும், செய்தி ஒவ்வொன்றிற்கும் கட்டணம் என்பதும் உடன் வந்தன. அன்றியும், பொத்தான்களையுடைய அக்காலக் கைபேசியில் 'எஸ்' என்னும் எழுத்தைப் பெறுதற்கு ஏழாம் எண்ணை நான்கு முறை அழுத்தல் வேண்டும். காசும் விரலும் தேயாதிருக்கச் சொற்கள் தேய்ந்தன. அங்ஙனம் தேய்த்தவர் யாவர்? இன்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் பலர் அந்நாளில் இளைஞராய் இருந்தவரே.

தமிழை ஆங்கில எழுத்தால் எழுதும் வழக்கத்திற்கும் காரணம் உண்டு. ஒரு குறுஞ்செய்திக்கு ஒதுக்கிய இடம் 1120 பிட் ஆகும். ஆங்கில எழுத்து ஒன்றற்கு 7 பிட் போதும். ஆதலின் 160 எழுத்து அதில் அடங்கும். தமிழை யூனிகோடு முறையில் விடுப்பதாயின் குறி ஒவ்வொன்றிற்கும் 16 பிட் வேண்டும். ஆதலின் 70 குறிகளே அடங்கும். அவ்வெழுபதும் எழுபது எழுத்தாகா. புள்ளிக்கு ஒரு குறி, கொம்பிற்கும் காலுக்கும் வேறு குறி எனக் கணக்கிடுவர். 'வணக்கம்' என்பது நமக்கு ஐந்தெழுத்து. கைபேசிக்கு ஏழு குறி. மேலும், பழைய கைபேசிகள் பலவற்றில் தமிழெழுத்துக் கட்டம் கட்டமாகவே தோன்றும். மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் அவர்கள் 2005-ஆம் ஆண்டில் செல்லினம் என்னும் செயலியை அளித்துக் கைபேசியில் தமிழ் எழுதுதற்கு வழி வகுத்தார்கள். இன்று பெரும்பாலான கைபேசிகளில் தமிழ் எழுதலாம். எல்லையும் தனிக் கட்டணமும் முன்போற் பெரிய இடராவதில்லை. ஆயினும், இடர் நீங்கிய பின்னரும் பழக்கம் நீங்கவில்லை.

இனி, நம் முன்னோர் நிலையை நோக்குவோம். தந்தியிற் சொல்லெண்ணிக் கட்டணம் கொள்வர். ஆதலின் இழவுச் செய்தியும் இரண்டு மூன்று சொல்லில் முடிந்தது. வாழ்த்துரைகளுக்கோ எண் கொடுத்து, எண்ணைக் குறித்தாற் போதும் என வைத்திருந்தனர். 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்தியாவில் தந்தி நிற்கும் வரையில் அந்நடையை இலக்கண வழுவென்று ஒருவரும் இகழ்ந்திலர். நாள், திங்கள், ஆண்டு, பற்று, வரவு என்பவற்றிற்கு நம் கணக்கர் தனித்தனிச் சுழிகள் வைத்திருந்தனர். அவை இன்று யூனிகோட்டிலும் இடம் பெற்றுள்ளன. ஓலைச்சுவடியோ இவையனைத்தினும் விஞ்சியது. எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விட்டனர். எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் ஏட்டில் வேற்றுமை தோன்றாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்தி ஏகார ஓகாரங்களைப் பிரித்துக் காட்டிய பின்னரே அத்துன்பம் ஒரு பகுதி நீங்கிற்று. ஓலையில் இல்லாத புள்ளியை இடுதல் படிப்பவர் கடனாயிருந்தது. அதிற் பிழை நேர்ந்தவிடத்துத் தோன்றியவையே பாடபேதங்களுட் பல.

இலக்கண நூலாரும் சுருக்கத்தை முற்றும் கடிந்தாரல்லர். நன்னூலார் இயல்பு வழக்கென மூன்றும் தகுதி வழக்கென மூன்றும் வகுத்தார். தஞ்சாவூர் தஞ்சை என்றாவது மரூஉ. அஃது இயல்பு வழக்கில் அடங்கும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல், ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்குவது குழூஉக்குறி. அது தகுதி வழக்கில் அடங்கும். இளைஞர் தம் தோழர்க்கு எழுதும் சுருக்கங்களைக் குழூஉக்குறி என்று கொள்ளின், நன்னூலில் அவற்றிற்கு இடம் உண்டு. ஆனால் ஒன்று மறத்தலாகாது: குழூஉக்குறி அக்குழுவினுள்ளேதான் செல்லும். பொன் வாங்க வந்தவரிடம் பொற்கொல்லர் 'பறி' என்று கூறி விலை பேசுவதில்லை.

சுருக்கி எழுதுவதால் மொழியறிவு கெடும் என்னும் அச்சமும் ஆராய்தற்குரியது. இங்கிலாந்திற் கோவென்ட்ரிப் பல்கலைக்கழகத்துப் பெவர்லி பிளெஸ்டர், கிளேர் உட், பூஜா ஜோஷி ஆகியோர் 10 முதல் 12 வயதுடைய 88 சிறாரை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். செய்திகளிற் சுருக்கங்களை மிகுதியாகக் கையாண்ட சிறார் சொற்களைப் படித்தறியும் திறனில் மேம்பட்டே காணப்பட்டனர். எழுத்தின் ஒலியை நன்கறிந்தவரே அதனைச் சுருக்கவும் வல்லர் போலும். எனினும் அவ்வாராய்ச்சி ஆங்கிலச் சிறாரைப் பற்றியது. அம்முடிவைத் தமிழ்ச் செய்திகட்கு அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. அதன் காரணத்தை இனிக் கூறுவோம்.

ஆங்கிலத்தில் முன்னிலைச் சொல்லை 'யூ' என்னும் ஓரெழுத்தாற் குறித்தாலும் யாதும் குறையாது. தந்தைக்கும் தோழனுக்கும் அம்மொழியில் அச்சொல் ஒன்றே. தமிழிலோ வினைமுற்றின் விகுதியே திணை, பால், எண், இடம் ஆகிய நான்கையும் காட்டுவது. உயர்வும் அவ்விகுதியிலேதான் உறைகின்றது. விரையும் பெருவிரல் முதலில் வெட்டுவது சொல்லின் ஈற்றையன்றோ? 'எப்ப வர்றீங்க' என்பதை 'எப்ப வர்ற' என்று முடித்துத் தந்தைக்கு விடுப்பின், மிஞ்சும் எழுத்துச் சில. போவதோ தந்தையின் இடம். வெளியூர் சென்று சேர்ந்தவுடன் 'ரீச்டு' என்று மட்டும் எழுதுவதும் இத்தகையதே. யார் சேர்ந்தார் என்பதும் அதிலில்லை. யாருக்கு எழுதினார் என்பதும் அதிலில்லை. பெற்றோர் இலக்கணம், இலக்கணம் என்று கூறி வருந்துவது சந்தியையும் புள்ளியையும் குறித்தன்று; தாம் அச்சொல்லில் எங்கும் காணப்படாமையைக் குறித்தே என்பது எமது துணிபு.

இதற்கு எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். எம் தந்தையார் நெல்லைச் சீமையிற் சிற்றூர் ஒன்றன்கண் தமிழாசிரியர். குறுஞ்செய்தியிலும் ஒற்று மிகுமிடம் தவறார். ஒருசொல் எழுதினும் முற்றுப்புள்ளி இட்டே முடிப்பார். எம் தம்பி பன்னிரண்டாம் வகுப்பின் பொருட்டுப் பாளையங்கோட்டையிற் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தான். சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவு, "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று தந்தையார் எழுதினார். அவன் ஆங்கில எழுத்தால், 'பி, ஏ, டி, ஏ, எம்' என ஐந்தெழுத்து இட்டு, 'பாக்கிறேன்' என்பதையும் அவ்வாறே எழுதி விடுத்தான். அவன் கருதியது பாடம். அவர் படித்தது படம். "நன்று." என்று எழுதித் தந்தையார் கைபேசியை மூடிவிட்டார்.

அப்புள்ளியைத் தம்பி கண்டான். அமெரிக்காவிற் பிங்கம்டன் பல்கலைக்கழகத்துச் சீலியா கிளின் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. கைபேசிச் செய்தியில் ஒருசொல் விடை முற்றுப்புள்ளியுடன் முடியின், மாணவர் அதனை உள்ளன்பு குறைந்ததாகக் கொள்ளுகின்றனர். அதே விடை தாளிற் கையால் எழுதப்பட்டிருப்பின் அவ்வாறு கொள்ளவில்லை என்பது அதன் முடிவு. தம்பி அவ்வாராய்ச்சியை அறியான். நாளைத் தேர்வெழுதப் போகும் மகனுக்கு வாழ்த்தொன்றும் கூறாது தந்தை சினந்து முடித்தார் என்று மட்டும் உணர்ந்தான். தேர்வு தொடங்கி நான்கு நாள் இருவர்க்கும் இடையே ஒரு செய்தியும் இல்லை. ஐந்தாம் நாள் அன்னையார் தொலைபேசியில் அழைத்து, "பரீட்சைக்கு முந்தின ராத்திரி என்ன படம்லே பாத்த?" என்று வினவினார். "படமா? பாடம்லாம்மா பாத்தேன்!" என்று அவன் அழுதுவிட்டான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவன் வந்தபொழுது பூசல் மீண்டது. தந்தையார் அவ்வைந்தெழுத்தையும் தாளில் எழுதி எம்மிடம் நீட்டிப் படிக்கப் பணித்தார். படம், பாடம், பதம், பாதம் என நான்கு சொல் அதில் யாம் கண்டோம். "பார்த்தாயா? நான்கில் எதை நான் எடுத்துக்கொள்வது?" என்றார் தந்தையார். தம்பி மறுமொழி கூறாது, தேர்வுக்காலத்தில் ஆச்சி தனக்கு விடுத்த செய்தியை எடுத்துத் தந்தையார் கையிற் கொடுத்தான். ஆச்சி முதுமையிற் கைபேசி பழகியவர். புள்ளியிடும் இடம் இன்னும் அவர்க்குப் பிடிபடவில்லை. 'பரீடசை நலலா எழுது ஜெபம பணணுறேன' என்று அதில் இருந்தது. தந்தையார் ஓரிடத்தும் தடுமாறாமல், புள்ளியனைத்தையும் இட்டு, "பரீட்சை நல்லா எழுது, ஜெபம் பண்ணுறேன்" என்று படித்தார்.

"ஆச்சிக்கு மட்டும் புள்ளி வச்சு வாசிக்கீங்களேப்பா?" என்றான் தம்பி.

"எங்கம்மா என்ன எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும்லா?" என்றார் தந்தையார்.

தம்பி ஒன்றும் கூறவில்லை. கைபேசியை அவர் கையிலேயே விட்டு எழுந்து போய்விட்டான். தந்தையார் நெடுநேரம் அதனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் பின்னர் தம்பி, தந்தையார்க்குத் தமிழெழுத்திலேயே எழுதி வருகின்றான். ஒற்றுப்பிழை மலிந்தே இருக்கும். தந்தையார் அவற்றைத் திருத்துவதில்லை, ஐயம் தோன்றின், "என்ன எழுதினாய்?" என்று கேட்டுவிடுகின்றார். ஒருசொல் விடையின் இறுதியில் முற்றுப்புள்ளி இடுவதையும் அவர் விட்டுவிட்டார்.

ஆதலின் இருதிறத்தார்க்கும் யாம் பணிவுடன் கூறத்தக்கவை சில உள. பெற்றோர் வழுவையும் வழக்கையும் வேறுபடுத்திக் காண்பாராக. மகன் தோழனுக்கு எழுதும் குழூஉக்குறியைப் பார்த்துத் தமிழ் அழிந்ததென்று அஞ்ச வேண்டா. தமக்கு வந்த செய்தியில் பொருள் இருவகையாகத் தோன்றின், தீயதைக் கொள்ளுமுன் ஒருமுறை வினவுவாராக. பழஞ்சுவடியைப் படிக்குங்கால் எழுதியவன்மீது ஐயுறவு கொள்ளாது பொருள் காண முயல்கின்றோம். அப்பொறுமை மக்கள் எழுத்திற்கும் உரியதே.

எம் போன்ற இளையோர்க்கும் ஒரு சொல். தோழர்காள், நமக்குள் எவ்வாறேனும் எழுதிக்கொள்வோம்; அதைத் தடுப்பார் யாருமில்லை. ஆனால் பெற்றோர்க்கு எழுதுங்கால் விகுதியை வெட்டாதிருப்போம். 'ரீச்டு' என்பதற்கு மாறாக, 'வந்து சேர்ந்துவிட்டேன் அப்பா' என்று எழுதுதற்கு வேண்டும் காலம் கால் நிமிடமே. நாம் புறப்பட்டது முதல் கைபேசியையே பார்த்திருப்பார்க்கு அக்கால் நிமிடத்தை அளித்தல் பெரிதன்று. புள்ளி தவறினும் அவர்கள் இட்டுப் படித்துக்கொள்வர். விளி தவறின் அதனை அவர்கள் தாமே இட்டுக்கொள்ள இயலாதன்றோ?